தலைமேல் விழுந்த கை

அடைமழை விட்ட ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், புன்னைத்துறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உச்சந்தலையில் ஒரு கையோடு கண் விழித்தார்கள். சதையும் எலும்புமான கை அல்ல, கையின் தடம்; உள்ளங்கையும் ஐந்து விரலும் படிந்த இடத்தில் மட்டும் ஒரு மயிர்கூட இல்லாமல், தொட்டால் சற்றுச் சூடாக, பெரிய ஆள் ஒருவர் இப்போதுதான் கையை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. துறைமுக வாசலில் புட்டு அவித்து விற்கும் பிரகாசி, தன் மகள் அமலிக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவ உட்கார்ந்தபோது சீப்பு வழுக்கிக்கொண்டு போனது. அவள் முடியை விலக்கிப் பார்த்தாள், மூடினாள், அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு மறுபடியும் விலக்கிப் பார்த்தாள். மற்ற விரல்களெல்லாம் முழுசாக இருக்க, அந்தக் கையின் சுண்டுவிரல் மட்டும் பாதியில் நின்றிருந்தது. அன்றைக்கு அவள் புட்டு அவிக்கவில்லை.

புன்னைத்துறைக்காரர்கள் எதற்கும் அசந்துபோகிறவர்கள் அல்ல. திமிங்கிலம் செத்துக் கரை ஒதுங்கினால் அதன் நிழலில் உட்கார்ந்து சீட்டாடுகிறவர்கள். மதியத்துக்குள் மருந்துக்கடைக்காரர் இது ஒருவகைப் படை என்று சொல்லிக் களிம்பு விற்றுவிட்டார்; துணிக்கடைக்காரர் தொப்பி விலையை ஏற்றிவிட்டார்; தலைமை வாத்தியார், கை விழுந்த பிள்ளைகளைத் தலையில் குட்டக் கூடாது, காதைத் திருகலாம் என்று விதி செய்துவிட்டார். ஆனால் பெண்கள் வேறு வேலை பார்த்தார்கள். உண்ட மயக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த புருஷனின் வலது கையைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைத்துப் பார்த்தார்கள். குடத்துக்கு மூடி பொருந்துகிற மாதிரி பொருந்தியது. பொருந்திய வீடுகளிலெல்லாம் சாயங்காலம் பாத்திரங்கள் பறந்தன, ஏனென்றால் வாய்ப்பூட்டு பங்களாவுக்குப் போகிறவர்கள் யார் யார் என்று ஊருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த பங்களாவின் முறையான பெயர் சகோதர விளக்குச் சபை. உப்பு வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் கட்டியது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே சொன்னால் வயிற்றைக் கிழித்துக் குடலைக் காக்கைக்குப் போடலாம் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டார்களாம். வெள்ளைக்காரர்கள் போய், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கையில் பங்களா வந்ததும் ஒரு சிக்கல் வந்தது. குடல், காக்கை என்றெல்லாம் சொல்லும்போது புதுச் சகோதரர்களுக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் சாபம் வெள்ளைக்காரனோடு கப்பலேறிவிட்டது என்றார்கள். அதனால் நம் ஊர்ச் சத்தியத்தையே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்து, மட்டை உரித்த தேங்காய் ஒன்றை மேசையில் நிறுத்தி, அதைப் பிள்ளையின் தலையாகப் பாவித்து, அதன்மேல் ஓங்கி அடித்து, "இங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டேன், சகோதரன் செய்ததைக் காட்டிக்கொடுக்கமாட்டேன், என் பிள்ளை தலைமேல் ஆணை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் செய்தார்கள். பிறகு அதே தேங்காயைத் துருவிக் கறிக்குப் போட்டுச் சாப்பிட்டார்கள். இத்தனை வருஷமும் ஒன்றும் ஆகாதது அந்த வருஷம் ஏன் ஆயிற்று என்று கேட்டால், இத்தனை வருஷமும் ஏன் ஆகவில்லை என்றும் கேட்க வேண்டும். ஊர் இரண்டையும் கேட்கவில்லை.

சபைக்குத் தலைவர் இஞ்ஞாசி மச்சாது. உப்பளமும் தோணிகளும் உடையவர், நகரசபைக்கும் அவரே தலைவர். எமில்டா அம்மாளை மணந்து தலை நரைக்க ஆரம்பித்தும் அவருக்குப் பிள்ளை இல்லை. மற்ற சகோதரர்கள் பிள்ளையின் முகம் கண்ணில் வந்து நிற்க, தேங்காயைப் பட்டும் படாமலும் தட்டும்போது, மச்சாது மட்டும் சிரித்துக்கொண்டே அது இரண்டாகப் பிளந்து தண்ணீர் தெறிக்கும்படி அடிப்பார். பணயம் வைக்க ஒன்றும் இல்லாதவன்தானே சூதில் சூரன்! அந்த அடியின் சத்தத்துக்காகவே அவரைத் தலைவராக்கினார்கள் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அவருடைய சுண்டுவிரலின் பாதியைத் தோணிக் கயிறு வாலிபத்திலேயே அறுத்துக்கொண்டு போயிருந்தது.

பிரகாசி ஒரு காலத்தில் அந்த வீட்டில் சமையல் செய்தவள். வயிறு தெரிய ஆரம்பித்த வாரம், "எவன் குப்பையையோ என் வாசல்ல கொட்டாத" என்று சொல்லி அவளை அனுப்பியவர் மச்சாதுதான். அவளும் வாயைத் திறக்கவில்லை. யாரும் அவளைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை, அவளாகவே பூட்டிக்கொண்டாள். இப்போது தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் அமலியைக் கூப்பிட்டுக் கொஞ்சுகிற சாக்கில் முடியை விலக்கிப் பார்த்தார்கள். சுண்டுவிரலைப் பார்த்ததும், "அடியாத்தீ" என்று சொல்லிக் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்பினார்கள். அமலிக்கு அந்த மாதம் முழுக்க மிட்டாய்க்குப் பஞ்சமில்லை.

கையின் குணம் தெரிந்தது கள்ளுக்கடையில். சுங்க ஆபீஸ் குமாஸ்தா பாக்கியநாதன் என்கிற சகோதரர், போதை தலைக்கேறி, பங்களாவுக்குள் நுழைய என்ன சொல்ல வேண்டும் தெரியுமா என்று ஆரம்பித்து முதல் எழுத்தைத்தான் உச்சரித்தார். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் அவர் மகன் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினான். தடத்தின் ஐந்து விரல்களும் மாவில் பதிகிற மாதிரி உள்ளே அமுங்குவதை வகுப்பே பார்த்தது. யாரோ ஓடிவந்து சொல்ல, பாக்கியநாதன் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். பையன் பிழைத்தான், ஒரு காது மட்டும் போயிற்று. அதற்குப் பிறகு சபைக்காரர்களின் மனைவிமார் புருஷன்மாரைத் தனியே வெளியில் விடுவதில்லை. பேச்சு கொஞ்சம் வழுக்கினாலும் பக்கத்தில் நிற்கிறவள் முழங்கையால் விலாவில் இடிப்பாள்.

அப்போதுதான் கோயிலும் கோர்ட்டும் கிளம்பின. பங்குச்சாமி ரபேல் அடிகளார், ஆயரான மேற்றிராணியாரின் திருமுகத்தைப் பூசையில் வாசித்தார். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்வது பாவம், பாவமான சத்தியம் யாரையும் கட்டாது, கட்டாத சத்தியத்தை உடைப்பது புண்ணியம் என்று மூன்று படியாக விளக்கினார். உடைக்காதவருக்குப் பூசையில் நன்மை அப்பம் கொடுப்பதில்லை என்று சொல்லிக் கிண்ணத்தை மூடினார். மாஜிஸ்திரேட் சடகோபனுக்கு வேறு வருத்தம். ஒரு சகோதரன் பேரில் வழக்கு வந்தால் சாட்சியான இன்னொரு சகோதரனுக்கு ஞாபகம் தப்பிவிடுகிறது. துறைமுகச் சுவர் கட்டின குத்தகை ஒரே கைக்குள் சுற்றிச் சுற்றி வந்து, சுவர் முதல் புயலிலேயே கடலுக்குள் போயிருந்தது. கோர்ட்டில் செய்கிற சத்தியத்துக்கு மேலே ஒரு சத்தியம் இந்தத் தாலுகாவில் இருக்க முடியாது என்று அவர் மேசையைத் தட்டினார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான், அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று, சாமியாருக்குப் பிள்ளை கிடையாது. மாஜிஸ்திரேட்டின் பிள்ளைகள் மதராஸில், தலை நிறைய முடியோடு படித்துக்கொண்டிருந்தார்கள்.

சகோதரர்கள் யாரும் அசையவில்லை. நன்மை வேண்டாம், நரகமே கிடைக்கட்டும் என்று மனைவிமார் வாசலை மறித்து நின்றார்கள். ஊருக்கோ உள்ளே என்ன நடந்தது என்று கேட்டே ஆகவேண்டும், சுவர் போன கணக்கு தெரிந்தே ஆகவேண்டும், ஆனால் எந்தப் பிள்ளையும் சாகக் கூடாது. யோசித்து யோசித்து, பிள்ளை இல்லாதவர் சொல்லிவிட்டால் வம்பில்லையே என்று ஒரு வழி கண்டார்கள். எல்லார் கண்ணும் மச்சாது மேல் திரும்பியது. "முதலாளிக்குத்தான் பிள்ள கிடையாதே, அவுக சொல்லட்டும்" என்று மீன் ஏலத்தில் பேசினார்கள், சவரக்கடையில் பேசினார்கள், அவர் காதில் விழும்படியே பேசினார்கள். சொல்லமாட்டேன் என்றால் புட்டுக்காரி மகள் தன் மகள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சொன்னால், ஒன்றும் ஆகாது என்று அவரே நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அறுந்த சுண்டுவிரல் துறைமுகத்தில் பாதிப் பேருக்கு உண்டு என்றும் சொன்னார். கடைசியில், ஊரைக் கூட்டி மேடை போட்டால் எல்லாவற்றையும் சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

பிரகாசி உப்புக் கிட்டங்கியில் அவரைப் போய்ப் பார்த்தாள். அவர் மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அமலி பிறந்ததற்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசுவது அதுதான் முதல் தடவை.

"முதலாளி, நீங்க ஒண்ணும் சொல்லாதீக. அது போதும்."

"எந்தப் பிள்ளைக்காக நான் வாயப் பொத்தணும்? எனக்கு ஏதுட்டி பிள்ளை?"

"உங்க பிள்ளைன்னு நான் என்னைக்காவது வாசல்ல வந்து நின்னேனா? இப்பவும் சொல்லல. வேற ஒருத்தன் பிள்ளைன்னு நானே சந்தியில நின்னு சொல்லுதேன். அசிங்கமாப் பேசட்டும், பேசிட்டுப் போகட்டும். நீங்க அந்தச் சத்தியத்த மட்டும் காப்பாத்துங்க."

"சாமியே அது செல்லாத சத்தியம்னு சொல்லிட்டாரு."

"சாமிக்குத் தெரியாது முதலாளி. ராத்திரி அவ தலையில கை வச்சுப் பாத்தேன். நீங்க மேடையில பேசுதேன்னு ஒத்துக்கிட்ட அன்னையிலேருந்து அது கொதிக்குது."

மச்சாது எழுந்து, மூட்டைமேல் இருந்த தன் வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அதை அவள் பார்த்தாள். பார்த்ததும், இவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எமில்டா ஆறு நாளா என்கூடப் பேசல. ஊர் முழுக்க என்னைப் பாத்துச் சிரிக்கு. நான் பேசித்தான் ஆகணும். ஒண்ணும் ஆகாது, போ."

இந்த உலகத்தில் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றும்படி ஒருவர் காலில் விழுந்தவள் அவள் ஒருத்திதான். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் அவள் அமலியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். எங்கே போனாலும் கை கூடவே வரும் என்று தெரியாதவள் அல்ல. போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் நாலைந்து பேர் முன்னமே நின்றிருந்தார்கள். கெட்டவர்கள் அல்ல, தினமும் அவளிடம் புட்டு வாங்கித் தின்கிறவர்கள். பையை வாங்கிக்கொண்டார்கள், குழந்தையையும் ஒருவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ போயிட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மெதுவாகத்தான் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் கித்தேரி அவளைக் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தாள். "ஏட்டி, ஒண்ணும் ஆகலன்னா உனக்கும் பேச்சு ஓஞ்சுது. ஆச்சுன்னா, முதலாளி மகள்னு ஊரே ஒத்துக்கிடும். ரெண்டுல எதுன்னாலும் உனக்கு மானம்தான்" என்றாள் வழியெல்லாம். கித்தேரி அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். பிரகாசிக்கு அவள் கழுத்தைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

கோயில் மைதானத்தில் பந்தல் போட்டார்கள். மேடையில் ஒரு பக்கம் சாமியார், ஒரு பக்கம் மாஜிஸ்திரேட், நடுவில் மச்சாது. அமலிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தது, எல்லாருக்கும் தெரியும்படி தலைக்கு நடுவில் வகிடெடுத்து முடியை இரண்டு பக்கமும் கட்டிவிட்டிருந்தார்கள். ஆனாலும் அவள் நாற்காலியில் உட்காராமல் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். யாரோ ஒரு கிளாஸ் கலர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள், அதை உறிஞ்சிக்கொண்டு மேடையைப் பார்த்தாள். எமில்டா அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, கையில் செபமாலையோடு, மேடையைப் பார்க்காமல் அமலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சாது பேச ஆரம்பித்தார். பங்களாவுக்குள் நுழைகிறவன் இடது செருப்பை மட்டும் கழற்ற வேண்டும் என்றார். கூட்டம் சிரித்தது. கதவைத் தட்டி 'கடலுக்குக் கதவில்லை' என்று சொல்ல வேண்டும் என்றார், கூட்டம் இன்னும் சிரித்தது. இதற்கா இத்தனை பூட்டு? அமலி கிளாஸைக் கீழே போட்டாள். "எம்மா, யாரோ அமுக்குதாக" என்றாள். பிரகாசி தன் உள்ளங்கையைத் தடத்துக்குள் விட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். பிடிக்க அங்கே விரல் இல்லை. குழிதான் இருந்தது, அது ஆழமாகிக்கொண்டு வந்தது.

மச்சாது அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார், பேச்சு நின்றது, வாய் திறந்தபடி இருந்தது. அந்த ஒரு மூச்சு நேரம் அவர் வாயை மூடியிருந்தால் போதும். பிரகாசி பிள்ளையைத் தூக்கிக் காட்டிக் கும்பிட்டாள்.

"ஏன் முதலாளி நிறுத்திட்டீக?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். அவன் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு, சுவர்க் குத்தகையில் யார் யார் எவ்வளவு எடுத்தார்கள், எந்தச் சாட்சிக்கு எப்போது ஞாபகம் தப்பியது என்று கடகடவென்று, ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். மாஜிஸ்திரேட்டின் குமாஸ்தா எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது அமலி செத்துப்போயிருந்தாள். தலையில் இருந்த கை மறைந்து, அந்த இடத்தில் பிறந்த குழந்தைக்குப் போல மெல்லிய முடி முளைத்திருந்தது.

கூட்டத்தில் யாரும் அழவில்லை. முதலில் "அப்போ முதலாளி பிள்ளதான்" என்று ஒருவர் சொன்னார். பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. மச்சாது மேடையிலிருந்து இறங்கி வந்து, "என் மகளே" என்று கதறி, பிரகாசியின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். கதறல் பொய் அல்ல. அத்தனை வருஷம் மலடன் என்று முதுகுக்குப் பின்னால் கேட்டவர், தகப்பனான ஐந்தாவது நிமிஷத்தில் அழுத அழுகை அது. எமில்டா அம்மாள் வந்து பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். பெரிய வீட்டில் வைத்துப் பட்டுப்பாவாடை உடுத்தினார்கள், பேண்டு வைத்தார்கள், மச்சாது குடும்பக் கல்லறையைத் திறந்தார்கள். ரபேல் அடிகளார் கண்ணீரோடு பிரசங்கம் வைத்தார்: பாவமான சத்தியத்தை உடைக்கத் தன் ஒரே பிள்ளையைப் பலியாகக் கொடுத்த தகப்பனை இந்த ஊர் மறக்கக் கூடாது என்றார். கேட்டவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். தாயின் இடத்தில் எமில்டா அம்மாள் கறுப்புச் சேலையில் நின்றாள். பிரகாசி கிட்டே வரப் பார்த்தபோது இரண்டு பெண்கள் அவள் தோளை அணைத்துப் பிடித்து, "சும்மா இருட்டி, எவ்வளவு கௌரவமா எடுக்காக பாரு" என்றார்கள்.

சகோதர விளக்குச் சபை கலைந்துபோனது. சுவர்க் கணக்கில் பெயர் வந்தவர்களுக்கு அபராதம் போட்டார்கள், கட்டிவிட்டார்கள். மச்சாதுவுக்கு அபராதமும் இல்லை, உண்மையைச் சொன்னவர் என்று அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்கக்கூட ஆள் இல்லை.

ஆனால் ஊர் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டது. புத்தகத்தைத் தொட்டுச் செய்கிற சத்தியத்தில் ஒருவனுக்கும் ஒரு மயிரும் உதிர்ந்ததில்லை. பிள்ளை தலைமேல் செய்த சத்தியமோ நடுப்பகலில், நாலு பேர் பார்க்க, வேலை செய்தது. இதை விட்டுவிட மாஜிஸ்திரேட் சடகோபன் முட்டாளா என்ன? இனிமேல் தன் கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் தத்தம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், அதன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்புறம் அந்தத் தாலுகாவில் பொய்ச் சாட்சியே இல்லாமல் போனது, வெளியூர் அதிகாரிகள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கோயிலிலும் கல்யாண வாக்குக் கொடுக்கிறவர்கள், பிறக்கப்போகும் பிள்ளையின் தலைமேல் கொடுப்பது வழக்கமானது. ரபேல் அடிகளார் முதலில் கொஞ்சம் தயங்கினார். குடும்பங்கள் பிரியாமல் இருப்பதைப் பார்த்து, பிறகு அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

பிரகாசிக்குப் பேச்சு திரும்ப ஒரு வருஷம் ஆனது. திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம் கோர்ட்டுக்குப் போனதுதான். மச்சாது முதலாளி தெரிந்தே தன் மகளைக் கொன்றார், அவர் நிறுத்தினார், பார்த்தார், பிறகு சொன்னார், அதற்கு நான் சாட்சி என்று மனு எழுதிக் கொடுத்திருந்தாள். கோர்ட்டு வராந்தா முழுக்கப் பிள்ளைகள். சாட்சிக்காரர்கள் அவர்களுக்குத் தலை வாரிப் பவுடர் போட்டு, கையில் முறுக்கைக் கொடுத்து, தூங்கிவிடாதபடி மடியில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் தனியாக நின்றாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள், கூண்டில் ஏறினாள்.

"பிள்ளையக் கூட்டிட்டு வரலையா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"பிள்ளையக் கொன்னதுக்குத்தான்யா வந்திருக்கேன்."

"அது சரிம்மா. சத்தியம் பண்ண ஒரு பிள்ளை வேணும்லா? வேற இருக்கா?"

"இல்ல."

குமாஸ்தா மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். சடகோபன் நல்ல மனிதர், ஏழைகளை அதட்டிப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"சத்தியம் இல்லாம நீ சொல்றத நான் காதுல வாங்க முடியாதும்மா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மனு இங்கேயே இருக்கட்டும், எங்கேயும் போயிடாது. இன்னொரு பிள்ளை பொறந்ததும் தூக்கிட்டு வா."

அவளை இறங்கச் சொல்லிவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.